அணைக்காத கற்பூரம்

இப்போது இதற்கும் பயிற்சி வகுப்பு வந்துவிட்டது. வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் பேசித் தீர்ப்பது எப்படி என்று இளம் வக்கீல்களுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏசி ஓடியது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் வாயைத் திறந்ததும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றித்தான் பேசினார். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். உத்திரமேரூர்க்காரர்களான எங்களுக்கு அது பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே இருக்கும் கோயில், அவ்வளவுதான்.

வக்கீல் குமாஸ்தாவாகவே ஆயுசைக் கழித்த எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் வக்கீலிடம் கடைசியாக ஜூனியராக இருந்த பெண்தான் வகுப்பை நடத்துபவர்களில் ஒருத்தி. "பாய், உங்க காலத்துல எப்படிப் பேசி முடிச்சீங்கன்னு வந்து சொல்லுங்க, பசங்க கேக்கட்டும்" என்று வற்புறுத்தினாள். போனேன். சிரிக்க வைக்கிற கதைகளாகப் பார்த்துச் சொன்னேன். கை தட்டினார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர், "சார், இந்தக் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றது, அதுலயும் கேஸ் முடிஞ்சிருக்கா?" என்று கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. "முடிஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறினேன்.

அந்த இளைஞருக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் இன்னது என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள்.

என் தொழில் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் அத்தாவுக்குக் கடைத்தெருவில் குடையும் பூட்டும் டார்ச் லைட்டும் விற்கும் கடை. வருகிறவர்களிடம் "இந்தப் பூட்டு ஒரு மழைக்குத் தாங்காது" என்று நானே சொல்லிவிடுவேன். இவன் வியாபாரத்துக்கு ஆக மாட்டான் என்று அத்தா என்னைக் கொண்டுபோய் வக்கீலிடம் விட்டார். டைப் அடிக்கவும், நம்பர் ஆகாமல் திரும்பி வந்த மனுவைச் சரிசெய்யவும், கோர்ட் ஊழியர்களின் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு வாய்தாவா விசாரணையா என்று சொல்லவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வக்கீல் ஐயங்கார்குளத்துக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பத்தில் முதலில் சட்டம் படித்தவர். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வழக்கு பேசும்போது தன் நாற்காலியில் உட்காருவார். சமாதானம் பேசும்போது எழுந்து வந்து கட்சிக்காரர்களின் பெஞ்சில், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார். அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தாமதம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சொல்வது ஒன்றுதான். "உங்க கதை எனக்கு வேண்டாம். அவர் கதையை நீங்க சொல்லுங்க." எதிராளி என்ன சொல்கிறான் என்பதை இவன் சொல்ல வேண்டும். எதிராளி "ஆமா, அதான்" என்று தலையாட்டும்வரை விடமாட்டார். பிறகு அவன் முறை. இதில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஒரு ரைஸ் மில்காரர் பக்கத்து வீட்டுக்காரரின் நியாயத்தை அவ்வளவு அழகாக எடுத்துச் சொல்லிவிட்டு, திடுக்கிட்டு எங்கள் வக்கீல் பக்கம் திரும்பி, "அப்போ என் பக்கம் ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்டார். அந்தச் சுவர்த் தகராறு அன்றே முடிந்தது.

இரண்டாவது ஏற்பாடு நாஷ்டா. பேச்சு ஆரம்பிக்கும் முன்பு இரண்டு கட்சியும் எதிர் ஓட்டலில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். நடுவில் நான். ஒருவன் சட்னி வாளியை மற்றவன் பக்கம் தள்ளி வைத்தால் நான் வந்து வக்கீலிடம் கண்ணைக் காட்டுவேன், முடிந்துவிடும் என்று அர்த்தம். வாளியை நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால் அது கோர்ட்டுக்குப் போகிற கேஸ். பல வருஷம் இந்தக் கணக்கு தப்பியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மூன்றாவது, பேச்சில் வந்தது எதுவும் வெளியே போகக் கூடாது. "இந்த மேசையைத் தாண்டாது" என்று ஒவ்வொரு தடவையும் மேசையைத் தட்டிச் சொல்வார். பயிற்சி வகுப்பில் இதற்குப் பெரிய பேர் வைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள்.

சத்தியம் வைத்து முடிப்பது எங்கள் வக்கீலுக்குப் பிடிக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் கோர்ட் கூண்டில் ஏறிக் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அம்மன் எதிரில் கற்பூரத்தின் மேல் கை வைக்கச் சொன்னால் தயங்குவான். எங்கள் ஜமாத்திலும் இந்த மாதிரி ஆட்கள் உண்டு. சாட்சியும் பத்திரமும் இல்லாத விவகாரத்தில், இரண்டு பேரும் கேட்டால் மட்டும் அவர் ஒப்புக்கொள்வார். வாசகத்தை அவரே எழுதுவார். பிள்ளை குட்டிகளின் பெயர் அதில் வரவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருப்பார். "பெரியவங்க சண்டைக்குச் சின்னதுகளைப் பிணை வைக்கக் கூடாது" என்பார்.

இனி கன்னியப்பன் விஷயம்.

கன்னியப்பனும் ஏகாம்பரமும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஏகாம்பரம் மூத்தவர். பெருநகர் என்கிற ஊருக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய கிராமம். அப்பாக்கள் இருவரும் சேர்ந்து வெட்டிய கிணறு, பாகம் பிரித்தபோது ஏகாம்பரத்தின் நிலத்துக்குள் போய்விட்டது. தண்ணீர் ஆளுக்குப் பாதி என்று வாய்ப்பேச்சாக வைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இருந்தவரை அது நடந்தது. அவர்கள் காலத்துக்குப் பிறகு ஏகாம்பரம் கன்னியப்பனின் குழாயைக் கழற்றி வரப்பின் மேல் வைத்துவிட்டார். கன்னியப்பனுக்கு வேறு தண்ணீர் இல்லை. கிணறு போனால் நிலம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மனைவி இறந்துவிட்டாள். ஒரே பெண் சரளாவை வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து ஏகாம்பரம் தம்பியின் கதையைச் சொன்னார். தண்ணீர் மாதிரி சொன்னார்.

"எங்க நைனாவும் சித்தப்பாவும் சேந்து வெட்டினாங்கன்னு சொல்றான். பாறை வந்தப்ப சித்தப்பாதான் எறங்கி வெடி வெச்சாருன்னு சொல்றான். பாதித் தண்ணி அவனுதுன்றான்."

"அதான் சார். அதான் நெசம்" என்றார் கன்னியப்பன்.

எங்கள் வக்கீல் ஏகாம்பரத்தைப் பார்த்தார். "இவ்வளவு விவரமாச் சொல்றீங்க. நடக்கலைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"நான் அப்ப சின்னப் பையன் சார். எனுக்கு இன்னா தெரியும்? நான் எதுக்கு அவன் வயித்துல அடிக்கணும்? அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சொல்லட்டும். அப்பவே நானே போய் கொயாய மாட்டிக் குடுத்துடறேன்."

"நாளைக்கே பண்றேன் சார்" என்று கன்னியப்பன் எழுந்தேவிட்டார்.

ஏகாம்பரத்தின் மேல் எனக்கு அன்றைக்கு ஒரு மரியாதையே வந்தது. ஒப்பந்தம் எழுதினோம். கன்னியப்பன் சத்தியம் செய்தால் கிணற்றில் பாதி என்றைக்கும் அவருடையது. செய்யாவிட்டால் இனி அவர் கிணற்றைப் பற்றிப் பேசக் கூடாது. இருவரும் மனசாரக் கையெழுத்துப் போட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

அதற்குள் ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். அறுப்பு மெஷின் அன்றைக்குத்தான் கிடைக்கிறதாம், அறுப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமாம். நியாயமான காரணம். மெஷினை விட்டால் அடுத்து எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கன்னியப்பன் அலறிக்கொண்டு வந்தார்.

"தள்ளாதீங்க சார். இந்த வெள்ளிக்கெயமயே முடிச்சிடலாம்."

"அறுப்பை விட்டுட்டு எப்படி வருவார்? உங்களுக்கு என்ன அவசரம்?"

"ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். எங்கள் வக்கீல் நாளைத் தள்ளி வைத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அறுப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில் கன்னியப்பன் தன் வீட்டில் சரளாவுக்கு வளைகாப்பு வைத்தார். எங்களுக்கும் சொல்லியிருந்தார். வக்கீல் என்னிடம் பழத்தட்டு கொடுத்து அனுப்பினார். ஏகாம்பரமும் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாள் சரளாவின் இரண்டு கையிலும் வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவினாள். பந்தியில் ஏகாம்பரம் புளிச்சாதத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த கன்னியப்பனைப் பிடித்து உட்கார வைத்து, "நீயும் துன்னு" என்று இலையைத் தள்ளினார். நான் குதிக்காத குறையாகத் திரும்பி வந்தேன். இனி சத்தியமே தேவைப்படாது, அவர்களே ராசியாகிவிட்டார்கள் என்று வக்கீலிடம் சொன்னேன். வளைகாப்பு முடிந்து சரளா அப்பா வீட்டிலேயே தங்கினாள்.

அறுப்பு முடிந்தது. இப்போது கன்னியப்பன் வந்து, சில மாதம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். காரணம் கேட்டால் தரையைப் பார்த்தார். ஏகாம்பரம் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது.

"அன்னிக்கு அவசரப்பட்டதும் அவன்தான், இன்னிக்குப் பின்னால போறதும் அவன்தான். இன்னா சார் இது, பேஜாரா கீது? நெசமா இருந்தா பயம் எதுக்கு?"

ஊரும் அதைத்தான் சொன்னது. காரணம் சொன்னால் தள்ளி வைக்கலாம் என்று எங்கள் வக்கீல் மறுபடி மறுபடி கேட்டார். கன்னியப்பன் "சரி சார், வரேன்" என்று போய்விட்டார்.

அன்று காலை கோயில் வாசலில் நல்ல கூட்டம். கன்னியப்பன் அடிபம்பில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். அம்மனுக்கு எதிரே கல்லின் மேல் பூசாரி வெற்றிலை வைத்து, அதில் கற்பூரம் வைத்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே நின்றுகொண்டு வாசகத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கன்னியப்பன் திருப்பிச் சொன்னார்.

"இந்தக் கெணத்த எங்க நைனாவும் சேந்து வெட்டினாரு. பாதித் தண்ணி எங்குளுது."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. இனிக் கையால் கற்பூரத்தை அணைக்க வேண்டியதுதான் பாக்கி. பூசாரி ஏற்றினார். கன்னியப்பன் கையை நீட்டினார். உள்ளங்கை சுடருக்கு மேலே வந்து நின்றது. எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏகாம்பரம் மட்டும் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணை தம்பி. நெசம்னா அணை" என்றார் மெதுவாக.

கை இறங்கவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்து, வெற்றிலை கருகிப் புகைந்தது. கன்னியப்பன் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வுட்டுக் குடுத்துட்டேன்" என்றார்.

கூட்டத்தில் யாரோ, "த்தூ, பொய்க்காரன்" என்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் ஈர வேட்டியோடு நடந்து வீட்டுக்குப் போனார். எங்கள் வக்கீலுக்கும் அவர் மேல் கோபம்தான்.  எனக்கும் ஏமாந்த மாதிரி இருந்தது.

சில நாள் கழித்துக் கன்னியப்பன் தனியாக ஆபீசுக்கு வந்தார். எங்கள் வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கன்னியப்பன் நின்றபடியே சொன்னார்.

"நீங்க என்ன பொய்யன்னு நெனைக்கக் கூடாது சார். அதுக்குத்தான் வந்தேன். எங்க வகையறாவுல, வூட்டுல புள்ளத்தாச்சி இருந்தா கற்பூரம் அணைக்க மாட்டோம். எங்க தாத்தா ஒரு மாட்டு வெவகாரத்துல அணைச்சாரு. நெசத்துக்குத்தான் அணைச்சாரு. ஆயா வயித்துல இருந்த புள்ள தங்கல. அதுலேர்ந்து கட்டு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சாமி எதிர்ல வயித்துப் புள்ளயப் பத்திப் பேசுவாங்களா சார்? அவ காதுக்குப் போனா பயந்துடுவா. மொதல்ல குறிச்ச நாள்ல அவ மாமியார் வூட்டுல இருந்தா. அந்த வூட்டுக் கட்டு வேற. வளைகாப்பு முடிஞ்சு நம்ம வாசப்படி தாண்டிட்டா நம்ம வூட்டுப் புள்ள."

எங்கள் வக்கீல் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கன்னியப்பனையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.  பிறகு, "உங்க வகையறான்னா, ஏகாம்பரமும் சேத்தியா?" என்று கேட்டார்.

"அண்ணனுக்குத் தெரியாம இருக்குமா சார்? ரெண்டே வூடு, ஒரே தாத்தா."

எனக்குப் புளிச்சாதப் பந்திதான் கண் முன்னால் வந்தது.

கோர்ட்டுக்குப் போகலாம், நானே நடத்துகிறேன் என்று எங்கள் வக்கீல் மன்றாடினார். அவர் ஒரு கட்சிக்காரரிடம் மன்றாடி நான் பார்த்தது அப்போது மட்டும்தான். கன்னியப்பன் மாட்டேன் என்றார். கோர்ட்டில் காரணத்தைச் சொல்ல வேண்டும், ஊர் பேசும், பெண்ணுக்குத் தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றார். "இது இங்கயே இருக்கட்டும் சார்" என்று கும்பிட்டார். எங்கள் வக்கீல் மேசையைத் தட்டினார். சத்தமே வரவில்லை.

மறுநாள் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தார். தம்பி வந்துபோனதைச் சொல்ல முடியாது, அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார். தம்பி கை ஏன் நின்றது என்று உங்களுக்கு ஏதாவது தோன்றியதா?

ஏகாம்பரம் சிரித்தார். "தோணாம இன்னா சார்? எல்லாம் தெரியும். நான் சத்தியம் கேட்டேன், அவன் பண்ணல. எழுதினது நீங்க. இதுல என் தப்பு இன்னா கீது, சொல்லுங்க?"

அன்றைக்குப் பெஞ்சில் எதிராளியின் கதையைச் சொல்லச் சொன்னதால்தான் ஏகாம்பரத்துக்கு உண்மை முழுதும் தெரியும் என்று எங்களுக்குத் தெரிந்தது. இருந்தும் ஏமாந்தோம்.

அதற்குப் பிறகு அவர் பெஞ்சுக்கு வந்து உட்காரவில்லை. சமாதானத்துக்கு வருகிறவர்களை மக்கள் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார். எதிர் ஓட்டலில் கணக்கை முடித்துவிடச் சொன்னார். ஏன் என்று ஜூனியர்கள் கேட்டால், வயதாகிவிட்டது என்பார். வயது அப்போது அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்படியே சில வருஷம் வழக்கு மட்டும் நடத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சரளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப் பிரசவம். கன்னியப்பனின் நிலம் இரண்டு வருஷத்தில் கருவேலம் முளைத்துப் போயிற்று. அவர் ஏனாத்தூர் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஊரில் அவருக்குக் 'கற்பூரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தடவை பஸ்ஸில் காக்கிச் சட்டையோடு பார்த்தேன். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"சரளா எப்படி கீறா?" என்று கேட்டேன்.

"நல்லா கீறா பாய். ஆனா என்னாண்ட மின்ன மாதிரி பேசறதில்ல. புருசன் வூட்டுல சொல்லிக் காட்டறாங்க போல, உங்கப்பன் பொய் சத்தியத்துக்குப் போனவன்னு. ஒருநாள் கேட்டுட்டா, 'ஏன் நைனா அப்பிடிப் பண்ணே?'ன்னு."

"இப்பவாச்சும் சொல்லலாமே? குழந்தைதான் நல்லபடியா பொறந்துடுச்சே."

"சொன்னா இன்னா ஆவும்? அந்தப் புள்ளயப் பாக்கறப்ப எல்லாம் கெணறு ஞாபகம் வரும். இதனாலதான் நைனா நிலம் போச்சுன்னு ஒரு நாள் கை ஓங்குவா. வேணாம் பாய். நீங்களும் சொல்லக் கூடாது."

தலையாட்டினேன்.

போன வருஷம் கன்னியப்பன் இறந்துபோனார். வாரிசுச் சான்றுக்கு மனு எழுதிக்கொடுக்கச் சொல்லிச் சரளா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் முகம் அப்படியே. எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினேன். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாய், அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்க இல்ல?"

"இருந்தேம்மா."

"நைனா கஷ்டப்பட்டுத்தான் செத்தாரு. சாமி எதிர்ல பொய் சொல்லப் போனதாலதான்னு எங்க மாமியா சொல்லுது. எனக்கு மனசே ஆறல. போன வெள்ளிக்கெயம அதே கோயிலுக்குப் போயி, அதே கல்லுல கற்பூரம் ஏத்தினேன். எங்க நைனா தெரியாம பொய் சொல்லிட்டாரு, அவர மன்னிச்சுடு தாயேன்னு வுயுந்து கும்பிட்டேன் பாய். எங்க பொண்ணையும் கூட்டிக்கினு போயி அவ கையாலயும் ஏத்த வெச்சேன். அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வருது."

நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடி சரியாக உட்காரவில்லை.

"அம்மன் மன்னிச்சிருப்பா இல்ல பாய்?"

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் பஸ்ஸில் சொன்னதை நினைத்தேன். தூக்கம் வருகிறது என்று அவள் சொன்னதையும் நினைத்தேன்.

"மன்னிச்சிருப்பாம்மா" என்றேன்.